மருந்து வந்து சேரும் வழி: களஞ்சிய லொறியா, சொந்த வாகனமா, வாடகை லொறியா? வன்னி வைத்தியசாலைகளுக்கு ஓர் ஒப்பீடு

பிராந்தியக் களஞ்சியத்தின் லொறி வரும்வரை காத்திருப்பதா, எங்கள் வாகனத்தை அனுப்பி ஏற்றிவருவதா, இல்லை வெளியே ஒரு லொறி பிடிப்பதா? மல்லாவி, நெடுங்கேணி, முழங்காவில், செட்டிகுளம் போன்ற இடங்களில் வைத்தியசாலைக் களஞ்சியத்தைப் பொறுப்பேற்கிறவர்கள் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் கேள்வி இது. கூட்டங்களில் இதை டீசல் கணக்காகவே பேசி முடித்துவிடுகிறார்கள். டீசல் செலவு ஓட்டப் பதிவில் தெரியும், அதனால் எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். பதிவில் விழாத செலவுகள்தான் பெரியவை: மருந்தாளர் இல்லாததால் நீளும் வெளிநோயாளர் வரிசை, குளிர்ப்பெட்டிக்குள் உறைந்துபோன இன்சுலின், யார் குறைத்தது என்று தெரியாமல் கணக்காய்வு வரை இழுபடும் பத்துப் பெட்டி.

எந்த வாகனம் என்று முடிவெடுக்கும்போது, சாமானை எங்கே எண்ணுவது, எவர் எண்ணுவது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறோம். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

கையொப்பம் விழும் இடம். களஞ்சிய லொறி உங்கள் வாசலுக்கு வந்தால் எண்ணுவதும் உங்கள் வாசலில். குறைவு தெரிந்தால் சாரதி நிற்கும்போதே வவுச்சரின் (சாமானோடு வரும் பட்டியலின்) இரண்டு பிரதியிலும் எழுதலாம். உங்கள் ஆள் போய் அங்கே கையொப்பம் வைத்துவிட்டால், அந்தப் படலை தாண்டியதும் உடைவதும் நனைவதும் குறைவதும் உங்கள் கணக்கு.

குளிர். இன்சுலின், தடுப்பூசிகள், ஒட்சிரோசின், சக்சமெத்தோனியம் போன்றவை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வரவேண்டும். பாம்புக்கடிக்கான விசமுறிவு மருந்து தூளாக வருமானால் லேபிளில் எழுதியுள்ள வெப்பநிலைதான் சட்டம். ஒரு தடவை குளிரில் வந்தது என்பதற்காக எல்லாத் தடவையும் அப்படித்தான் என்று நினைக்கக்கூடாது.

ஆள். பல பிரதேச வைத்தியசாலைகளில் மருந்தாளர் ஒருவர்தான். அவர் களஞ்சியத்துக்குப் போகிற நாளில் மருந்து கொடுப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நல்ல திட்டமல்ல.

எடை. இதைத்தான் அதிகம் பேர் பிழையாகக் கணக்கிடுகிறார்கள். 500 மில்லிலீற்றர் சேலைன் 20 போத்தல் கொண்ட பெட்டியில் நீர் மட்டுமே 10 கிலோ. போத்தலும் மட்டையும் சேர 11 கிலோ என்று வையுங்கள். 100 பெட்டி என்றால் 1,100 கிலோ. இரட்டைக் கதவு கெப் வாகனம் தாங்குவது ஏறக்குறைய ஒரு தொன், பட்டா எனப்படும் சிறு லொறி தாங்குவது முக்கால் தொன். சேலைன் மட்டுமே அதைத் தாண்டிவிடும், மாத்திரை இன்னும் ஏறவில்லை.

பாதையும் பருவமும். கண்டி - யாழ்ப்பாணம் பிரதான வீதியான ஏ9 பெரும்பாலான நாட்களில் பிரச்சினை தராது. ஏ9இலிருந்து உள்ளே திரும்பிய பின்புதான் கதை மாறும்.

திரும்பிப் போகும் சுமை. வந்த வாகனம் வெறுமையாகத் திரும்பக்கூடாது. காலாவதியானவை, பாவிக்க வேண்டாம் என்று அறிவிக்கப்பட்ட மருந்துத் தொகுதிகள் (batch), திருத்தத்துக்குப் போகும் உபகரணங்கள், வெறும் குளிர்ப்பெட்டிகள் எல்லாம் போகவேண்டும்.

## முதலாம் வழி: பிராந்தியக் களஞ்சியத்தின் லொறி

மாகாண நிர்வாகத்தின் கீழுள்ள வைத்தியசாலைகளுக்குக் கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து வரும் மருந்து பொதுவாகப் பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவு ஊடாகவே இறங்கும். அங்கிருந்து ஒரு லொறி பல வைத்தியசாலைகளைச் சுற்றிவரும்போது உங்களுக்கு வாகனச் செலவு இல்லை, மருந்தாளர் இடத்தை விட்டு அசையத் தேவையில்லை, எண்ணுவதும் உங்கள் வாசலில். பெட்டி ஏற்றி இறக்கத் தெரிந்த ஆட்களும் கூடவே வருவார்கள்.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. சுற்றில் நீங்கள் கடைசி வைத்தியசாலை என்றால் லொறி பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு வரும். சிற்றூழியர்களின் முறை முடிந்திருக்கும், வெளிச்சம் குறைந்திருக்கும், சாரதிக்குத் திரும்பும் அவசரம் இருக்கும். "பிறகு எண்ணுவம், இப்ப சைன் வையுங்கோ" என்ற பேச்சு அந்த நேரத்தில்தான் வரும். வைக்கவேண்டாம். முழுவதையும் எண்ண முடியாவிட்டால் பெட்டிக் கணக்கை மட்டும் எண்ணி, "பெட்டிகள் மட்டும் எண்ணிப் பெறப்பட்டன, உள்ளடக்கம் சரிபார்க்கப்படவில்லை" என்று திகதி, நேரத்தோடு இரண்டு பிரதியிலும் எழுதிய பிறகே கையொப்பம். மறுநாள் காலை இரண்டு பேர் முன்னிலையில் திறந்து எண்ணி, குறைவிருந்தால் அன்றே எழுத்தில் அறிவியுங்கள்.

இன்னொன்று, லொறியின் குளிர்ப்பெட்டி ஒவ்வொரு வைத்தியசாலை வாசலிலும் திறபடும். நான்காவது இடத்துக்கு வரும்போது அதற்குள் எவ்வளவு குளிர் மிச்சம் என்பது, முன்னைய மூன்று இடங்களிலும் மூடியை எவ்வளவு நேரம் திறந்துவைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வைத்தியசாலைக்கு ஒன்றாகத் தனித்தனிச் சிறு பெட்டியில் கட்டித் தரும்படி களஞ்சியத்தைக் கேட்கலாம். கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

எப்போது இது சிறந்தது: மருந்தாளர் ஒருவர் மட்டும் உள்ள வைத்தியசாலைக்கு, சேலைன் போன்ற பாரமான சாமானுக்கு, சுற்று நாள் முன்கூட்டியே தெரிந்திருக்கும் இடத்துக்கு.

## இரண்டாம் வழி: வைத்தியசாலையின் சொந்த வாகனம்

அவசரத்துக்கு இதைப்போல் ஒன்றுமில்லை. வயல் வேலை உச்சமாக இருக்கும் காலத்தில் விசமுறிவு மருந்துக்கு இதை நம்பவேண்டி வரும். கண்ணாடி விரியன் கடித்த ஒருவருக்குத் தொடக்கத்திலேயே 10 முதல் 20 குப்பி வரை போகலாம். இரண்டு நோயாளி அடுத்தடுத்து வந்தால் சிறிய வைத்தியசாலையின் இருப்பு ஒரே இரவில் தரை தட்டும். அந்த நேரம் அடுத்த சுற்றுவரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் மாதாந்த வழங்கலுக்கு இதைப் பழக்கமாக்குவது வேறு விஷயம். போகிற வாகனம் பல இடங்களில் அம்புலன்ஸ். 1990 சுவசெரிய வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் நோயாளியைக் கொண்டுவரும் சேவை. ஒரு வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றும் வேலை உங்கள் அம்புலன்சினுடையது. அது களஞ்சிய வாசலில் வரிசையில் நிற்கும்போது பிரசவச் சிக்கலோடு ஒரு தாய் வந்தால் என்ன செய்வது? மருந்துப் பெட்டிக்காக அம்புலன்சை வெளியே விடும் நாளில் பக்கத்து வைத்தியசாலையின் அம்புலன்ஸ் நிற்கிறதா என்று காலையிலேயே பேசி உறுதிசெய்து, அதைப் பதிவேட்டில் எழுதியபின் அனுப்புங்கள். நோயாளி கிடக்கும் பகுதியில் மருந்து ஏற்றுவதென்றால் முன்பும் பின்பும் கழுவித் துடைக்கவும் நேரம் வேண்டும்.

இரண்டாவது செலவு, பாதிச் சுமை. கட்டளையிட்ட எல்லாம் ஒரே நாளில் களஞ்சியத்தில் இருக்காது. மிச்சத்துக்கு மறுபடி ஓடினால் சாரதியின் மேலதிக நேரம், படி, டீசல் எல்லாம் இரட்டிக்கும். புறப்படுமுன் தொலைபேசியில் கேட்கவேண்டியது "மருந்து இருக்கா?" என்றல்ல, "எங்கள் வவுச்சர் எழுதி, சாமான் பிரித்துக் கட்டி வைத்தாகிவிட்டதா, எத்தனை உருப்படி இல்லை?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, போகிறவர் மருந்து தெரிந்தவராக இருக்கவேண்டும். சாரதியை மட்டும் அனுப்பினால் பெட்டி எண்ணிக்கை சரியாக வரும். 250 மில்லிகிராம் கேட்ட இடத்தில் 500 வந்திருப்பதும், மூன்று மாதத்தில் காலாவதியாகும் தொகுதி கையில் திணிக்கப்பட்டிருப்பதும் வைத்தியசாலைக்கு வந்த பிறகே தெரியும். கையொப்பமோ அங்கே விழுந்துவிட்டது.

எப்போது இது சிறந்தது: சிறிய அளவு, குளிர்ச் சாமான், அவசரம்; அதோடு அம்புலன்ஸ் அல்லாத கெப் ஒன்றும் மருந்தாளர் இருவரும் உள்ள ஆதார வைத்தியசாலை.

## மூன்றாம் வழி: வாடகை லொறி

கன்ரர் லொறி ஒன்று பிடித்தால் ஒரு நடையில் எல்லாம் வந்துவிடும். மாரிக்கு முன் பெரிய இருப்பு ஏற்றவும், கட்டில், அலுமாரி, ஒட்சிசன் செறிவாக்கி போன்ற பருமனான சாமானுக்கும் இது பொருந்தும். கொள்வனவு நடைமுறைப்படி விலை கேட்டு, அனுமதி பெற்று, பற்றுச்சீட்டோடு செய்யவேண்டும் என்பதால் நினைத்த அன்றே நடக்காது.

வன்னியில் வாடகை லொறி நேற்று என்ன ஏற்றியது என்பதுதான் முதற் கேள்வி. நெல், பசளை, கிருமிநாசினி, மீன், சீமெந்து எல்லாம் அதே தட்டில்தான் போயிருக்கும். ஏற்றுமுன் தட்டில் ஏறி மோந்து பாருங்கள். மூலையில் வெள்ளையாகவோ மண்ணிறமாகவோ தூள் ஒட்டியிருந்தால், பலகை இடுக்கில் ஈரம் இருந்தால், கழுவிக் காயவிட்டு வரச்சொல்லுங்கள். ஈரத்தோடு வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். காய்ந்த தட்டில் தடித்த பொலித்தீன், அதன்மேல் மரத் தட்டு, பிறகு பெட்டி. மேலே படங்கு இரண்டு மடிப்பாக. சோளகக் காலத்திலும் படங்கு வேண்டும், மழைக்காக அல்ல, புழுதிக்கும் வெயிலுக்கும். நண்பகலில் மூடிய தட்டுக்குள் சூடு வெளியைவிட நன்றாக ஏறும். "30 பாகைக்குக் கீழ் வைக்கவும்" என்று எழுதிய மாத்திரைப் பெட்டிக்கு அதுவே கேடு. விடிய ஏற்றி, வெயில் ஏறுமுன் இறக்குகிற மாதிரி நேரம் பேசுங்கள். குளிர்ச் சாமானை வாடகை லொறியில் ஏற்றவே வேண்டாம் என்பது எங்கள் முடிவான கருத்து.

பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் லொறிகள் நெல்லுக்கு ஓடும். வாடகை ஏறும், சொன்ன நாளில் வராது. வாடகை வழியை நம்புகிறவர்கள் ஏற்றும் நாளை அதற்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது இது சிறந்தது: ஆண்டுக்கு ஓரிரு தடவை, திட்டமிட்ட பெரிய சுமைக்கு.

பஸ்ஸில் பார்சல் போடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். கடிதம், உபகரண உதிரிப்பாகம் போன்றவற்றுக்குச் சரி. மருந்துக்கு வேண்டாம். நடத்துனரின் கையில் கொடுத்த பெட்டிக்கு வவுச்சரும் இல்லை, வெப்பமானியும் இல்லை.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | களஞ்சிய லொறி | சொந்த வாகனம் | வாடகை லொறி |
|---|---|---|---|
| எண்ணும் இடம் | உங்கள் வாசல் | களஞ்சிய வாசல் | களஞ்சிய வாசல் |
| வழியில் நடப்பதன் பொறுப்பு | களஞ்சியம் | நீங்கள் | நீங்கள் |
| குளிர்ச் சாமான் | தனிப்பெட்டி என்றால் சரி | மிக நல்லது | வேண்டாம் |
| பாரம் | தாங்கும் | ஒரு தொன்னுக்குள் | தாங்கும் |
| மருந்தாளரின் நாள் | போகாது | முழுநாள் போகும் | முழுநாள் போகும் |
| மறைந்த செலவு | பிந்திய நேரம், அவசர எண்ணல் | அம்புலன்ஸ் இல்லாமை, இரண்டாம் ஓட்டம் | தட்டின் அழுக்கு, அறுவடைக் கால வாடகை |

## குளிர்ப்பெட்டி: எந்த வழியானாலும் இதே வேலை

சூட்டால் பழுதாவதற்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். உறைவால் பழுதாவதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பக்கை அப்படியே பெட்டிக்குள் அடுக்கினால், அதோடு ஒட்டியிருக்கும் இன்சுலினும் ரெற்றனஸ், ஹெபற்றைற்றிஸ் பி தடுப்பூசிகளும் உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு சிலவேளை கண்ணுக்கு நல்லதாகவே தெரியும், ஆனால் நோயாளிக்குப் போடக்கூடாது.

ஐஸ் பக்குகளை எடுத்து மேசையில் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். சிறிது நேரத்தில் மேலே வெண்பனி படரும், பிறகு அது நீர்த்துளியாக மாறும். ஒன்றைக் காதருகே பிடித்துக் குலுக்குங்கள். உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்டால் அடுக்கலாம். கேட்காவிட்டால் இன்னும் காத்திருங்கள். வன்னி வெயிலிலும் இதற்கு அரை மணி தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கலாம். ஆகவே எட்டு மணிக்கு வாகனம் புறப்படுவதென்றால் ஏழு மணிக்கு முன்பே பக்குகள் மேசையில் இருக்கவேண்டும். பக்குக்கும் குப்பிக்கும் இடையில் மட்டை. வெப்பமானியின் முனை சாமானின் நடுவில், பக்கின்மேல் அல்ல. றெஜிபோம் பெட்டி மட்டும் உள்ள இடங்களில் மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். மூலை உடைந்த பெட்டியைத் தூக்கி எறியுங்கள்.

பெறும் இடத்தில் முதல் வேலை மூடியைத் திறந்ததும் வெப்பநிலையை வாசித்து எழுதுவது, பிறகுதான் குப்பி எண்ணுவது. ரெற்றனஸ் போன்ற அலுமினிய உப்புச் சேர்ந்த தடுப்பூசி உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே நிறுவனத்தின் அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே இறுக உறையவைத்து, உருகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் உறையவைத்த குப்பியின் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ அடியில் படிந்தால் அது உறைந்தது, பாவிக்கக்கூடாது. மெதுவாகப் படிந்தால் உறையவில்லை. இந்தச் சோதனை இன்சுலினுக்குப் பொருந்தாது. இன்சுலினுக்குச் சந்தேகம் என்றால் ஒதுக்கிவைத்து அறிவிப்பதுதான்.

## மாரிக்குக் கணக்கு வேறு

முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு வட்டுவாகல் பாலத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நந்திக்கடல் நீர் மேவினால் பரந்தன் வழி நின்றுவிடும், மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகச் சுற்றவேண்டும். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் பரவியபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீதிகள் நீருக்குள் போயின. அந்த மாதிரி ஒரு கிழமைக்கு மூன்று வழியும் ஒன்றுதான்: எதுவும் வராது. முன்கூட்டி ஏற்றி வைத்திருந்ததே கைகொடுக்கும்.

உதாரணமாக ஒரு கணக்கு. மாதம் 60 பெட்டி சேலைன் போகிறது, நாலு கிழமைக்கு ஒரு தடவை வழங்கல், கட்டளை வந்துசேர ஒரு கிழமை. அப்படியானால் 60 உடன் 15 சேர்த்து 75 பெட்டி கையில் இருக்கவேண்டும். மாரிக்கு இரண்டு கிழமைக்கான 30 பெட்டியைக் கூட்டினால் 105. எடை 1,155 கிலோ. மற்ற மாதங்களில் கெப் வாகனம் போதும் என்றிருந்த வைத்தியசாலைக்கு ஒக்ரோபரில் அது போதாது. அந்த ஒரு சுமைக்கு வாடகை லொறியோ களஞ்சியத்தின் சிறப்புச் சுற்றோ ஓகஸ்ட், செப்ரெம்பரிலேயே எழுத்தில் கேட்கப்படவேண்டும். அதோடு 105 பெட்டி அடுக்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்: சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, நிலத்திலிருந்து மரத் தட்டில் உயர்த்தி. வெள்ளம் புகும் கட்டடத்தில் அடி வரிசைக்கு இன்னும் ஒரு தட்டு.

## எந்த வைத்தியசாலைக்கு எது

மருந்தாளர் ஒருவர், வாகனம் அம்புலன்ஸ் மட்டும்: மாதாந்தம் முழுவதும் களஞ்சிய லொறி. சுற்றில் முற்பகல் இடம் தரும்படி கேளுங்கள். தூரமான வைத்தியசாலைக்கு முதலில் போய்த் திரும்பும் வழியில் கிட்டியவற்றுக்கு இறக்கும்படி சுற்றைத் திருப்பலாம். சொந்த வாகனம் அவசரத்துக்கு மட்டும்.

மருந்தாளர் இருவர், கெப் ஒன்று உள்ள ஆதார வைத்தியசாலை: பாரமானது லொறியில், குளிர்ச் சாமான் சொந்த வாகனத்தில் தனிநாளில். இரண்டையும் கலக்காமல் பிரித்து எடுப்பதால் குளிர்ப்பெட்டி சேலைன் இறக்கும்வரை வெயிலில் காத்திருக்காது. எங்களைக் கேட்டால் வன்னியில் மிகப் பல இடங்களுக்குப் பொருந்துவது இந்தப் பிரிப்புத்தான்.

களஞ்சியம் இருக்கும் நகரிலேயே உள்ள மாவட்ட வைத்தியசாலை: சொந்த வாகனத்தில் கிழமைக்கொரு சிறு நடை. இருப்பு குறைவாக இருந்தாலும் பயமில்லை, காலாவதியும் குறையும்.

## வாசலில்: இறக்கும் ஒழுங்கு

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் கட்டு அவிழ்க்குமுன் பெட்டிகளை எண்ணுங்கள். பிறகு வவுச்சரில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு விடயம்: பெயர், வலு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி. ஒரு தொகுதியைப் பாவிக்க வேண்டாம் என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும் நாளில், தொகுதி இலக்கம் எழுதாத களஞ்சியம் எல்லாப் பெட்டியையும் மறுபடி இறக்கிப் பார்க்கவேண்டி வரும்.

அடி நனைந்த பெட்டியை ஓரமாக வைத்துவிடாதீர்கள். உடனே முழுவதும் திறவுங்கள். ஒரு சேலைன் போத்தல் வெடித்தால் அதன் நீர் கீழ் வரிசை மட்டைகளை இளக்கி, அடுக்கு முழுவதையும் சரித்துவிடும். பொற்றாசியம் குளோரைட் ஊசி மருந்தை அதேபோன்ற சிறு குப்பியில் வரும் ஊசி நீரோடு ஒரே தட்டில் ஒருநாளும் வைக்கவேண்டாம், இறக்கும் அவசரத்தில் ஒரு மணி நேரத்துக்குக்கூட. சொலியுபிள் இன்சுலினும் கலவை இன்சுலினும் குளிர்சாதனப் பெட்டியில் தனித்தனித் தட்டில். குளோரின் தூள், ஸ்பிரிட் இரண்டும் மருந்து அறைக்குள் வரவே கூடாது. பெரிய ஜே அளவு ஒட்சிசன் சிலிண்டர் நிரம்பினால் 70 கிலோவுக்கு மேல். இருவர் பிடித்து, நிமிர்த்தி, சங்கிலி போட்ட பிறகே விடவேண்டும்.

இறக்கி முடிந்ததும் திரும்பும் சுமை ஏறவேண்டும். காலாவதியானவை பட்டியலோடு, கட்டிய பெட்டியில், "பாவிக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில். சாரதியிடம் கையொப்பம் வாங்கிய பிரதி உங்கள் கோப்பில். வெறும் குளிர்ப்பெட்டியைக் கழுவி, மூடி திறந்தபடி காயவைத்துத் திருப்பி அனுப்புங்கள். ஈரத்தோடு மூடியது அடுத்த மாதம் பூஞ்சணத்தோடு உங்களிடமே வரும்.